வார்னிஷ் கம்பனி இடம் மாறிய கதை

கதிர்காமநாதனின் பெயரை மெல்பேர்னில் முதலில் வெட்டிச் சுருக்கியவர் அலன் பெட்டிஃபர். 1971 ஆகஸ்ட் மாதக் குளிரில் கதிர்காமநாதன் யாராவில் என்ற பகுதியிலிருந்த பெட்டிஃபர் வார்னிஷ் அண்ட் பெயின்ட்ஸ் கம்பனிக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தார். வரவேற்பறைப் பெண் அவருடைய விண்ணப்பத்தைக் கையில் பிடித்தபடி இரண்டு தடவை மூச்செடுத்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் பாதி வழியில் நின்றுவிட்டாள். நிர்வாக இயக்குநர் பெட்டிஃபர் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தாளை வாங்கி, பெயரின் வால் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "நேதன், உள்ளே வாருங்கள்" என்றார். அன்றிலிருந்து தொழிற்சாலைக்குள் அவர் நேதன். வாசலைத் தாண்டினால் மறுபடியும் கதிர்காமநாதன்.

அவருக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. கொழும்பில் ஒரு அரசாங்க ஆய்வுகூடத்தில் தேங்காயெண்ணெயைச் சோதித்துக்கொண்டிருந்தவர். "பெயின்ட் பற்றி என்ன தெரியும்?" என்று பெட்டிஃபர் கேட்டபோது, "பெயின்ட் பற்றி ஒன்றும் தெரியாது. எண்ணெய் பற்றித் தெரியும்" என்றார். உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே சொன்ன பதில் அது. பெட்டிஃபர் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வேலை அவருக்குப் பிடித்துப்போனது. சின்னச் சின்ன தகரத் தகடுகளில் பெயின்ட் பூசி, தொழிற்சாலைக் கூரையில் இந்த நாட்டில் வடக்கிலிருந்து விழும் வெயிலைப் பார்த்தபடி வரிசையாக வைத்துவிட்டு, எது முதலில் வெடிக்கிறது, எது வெளிறுகிறது என்று மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுமைசாலிக்கு ஏற்ற வேலை. ஆய்வுகூடத்துக்குப் பின்னால் வார்னிஷ் காய்ச்சும் கொட்டகை இருந்தது. மரப்பிசினையும் ஆளி விதை எண்ணெயையும் அங்கே பெரிய செம்புக் கலன்களில் போட்டுக் காய்ச்சினார்கள். அந்தக் கலனுக்குப் பெயர், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தைப் போல, கேத்தில். பெயர்தான் கேத்தில்; உள்ளே ஒரு யானைக்குட்டி நின்று தாராளமாகக் குளிக்கலாம். அது கொதிக்கும்போது எழும் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். தொழிலாளர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கதிர்காமநாதனும் மூன்று மாதத்தில் பழகிவிட்டார்.

பழகாதவர் அவருடைய மனைவி ரஞ்சினி.

தொழிற்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்கள் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். நடந்து வேலைக்குப் போகலாம், பஸ் தேவையில்லை என்று கதிர்காமநாதன் தேடிப் பிடித்த வீடு. மேல்காற்று அடித்தால் கேத்தில் புகை நேராக அவர்களுடைய பின்வளவுக்குத்தான் வரும். ரஞ்சினி யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்தவர். இங்கே அவருடைய சான்றிதழை இன்னும் யாரும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. அதனால் பகல் முழுவதும் வீட்டில் இருந்து அந்தப் புகையை முழுமையாக அனுபவிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. தோய்த்துக் கொடியில் போட்ட சேலையை மாலையில் எடுத்தால், அது காய்ந்த சேலை போல மணக்காது. புதிதாகப் பூசிய கதவு போல மணக்கும்.

"இஞ்சேருங்கோ, இந்தச் சீலையை ஒருக்கா மணந்து பாருங்கோ" என்று ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கதிர்காமநாதன் மணந்து பார்த்தார். "கப்பலுக்கு அடிக்கிற வார்னிஷ். ரெண்டாம் நம்பர் கேத்தில்" என்றார், ஒரு நிபுணருக்குரிய திருப்தியோடு.

"நான் அதைக் கேக்கேல்லை."

1973 தொடக்கத்தில் பெட்டிஃபர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த வருடம் கம்பனிக்கு நூற்றிருபது வயது. அதற்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் வேண்டும். "உங்கள் அறிக்கைகளைத்தான் நான் கடைசிவரை படிக்கிறேன், நேதன். மற்றவர்களுடையதில் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறேன்" என்றார். பிறகு மேல்மாடியிலிருந்து இறக்கி வைத்திருந்த தகரப் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினார். நிறையக் கடிதங்கள், நோட்டுகள், ஓரம் கரிந்த தாள்கள்.

கம்பனியின் வரலாறு வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. 1854இல் சைலஸ் பெட்டிஃபர் என்பவர் தங்கம் தோண்ட வந்தார். தங்கம் கிடைக்கவில்லை. கோலிங்வுட்டில் குதிரை வண்டிகளுக்கு வார்னிஷ் காய்ச்ச ஆரம்பித்தார். வியாபாரம் வளர்ந்ததால் ரிச்மண்டுக்கு மாறினார். மேலும் வளர்ந்ததால் ஃபுட்ஸ்கிரேக்கு. இன்னும் வளர்ந்ததால் 1889இல் யாராவிலுக்கு. எல்லாம் வளர்ச்சிதான். அந்தச் சட்டத்தில் இருந்த நாலு படத்திலும் ஒரே தாடி.

தகரப் பெட்டி வேறு கதை சொன்னது. கதிர்காமநாதன் சனிக்கிழமைகளில் குசினி மேசையில் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு வாசித்தார். பெட்டியில் இல்லாததை நகர நூலகத்தில் பழைய பத்திரிகைகளில் தேடினார். முதலில் அகப்பட்டது கோலிங்வுட் பேக்கரிக்காரர் ஒருவர் 1863இல் எழுதிய கடிதம். தன் பாணில் வார்னிஷ் மணக்கிறது என்றும், வாடிக்கையாளர் ஒருவர் அதைத் தின்னலாமா அல்லது மேசைக்குப் பூசலாமா என்று கேட்டுவிட்டுப் போனார் என்றும் எழுதியிருந்தார். அடுத்த மாதமே சைலஸ் பெட்டிஃபர் ரிச்மண்டில் இருந்தார். ரிச்மண்டில் ஒரு பாதிரியார். கேத்தில் கொதிக்கிற நாட்களில் எங்கள் பாடகர் குழு மூச்சை இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்க மறுக்கிறது என்பது அவருடைய முறைப்பாடு. ஃபுட்ஸ்கிரேயில் குதிரை வியாபாரி ஒருவரின் குதிரைகள் அந்தத் தெருவுக்குள் திரும்பவே மாட்டோமென்று நின்றுவிட்டன.

கதிர்காமநாதன் வாசிக்க வாசிக்க ரஞ்சினி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அப்ப கம்பனி வளரேல்லை. கலைச்சு விட்டிருக்கினம்."

"ஓம். நாலு இடத்திலை மூண்டு இடம் கலைச்சதுதான்."

"அப்ப இது நாலாவது" என்றார் ரஞ்சினி. மறுபடி கத்தியை எடுத்து வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார். அப்போது அவர் சிரிக்கவில்லை என்பதைக் கதிர்காமநாதன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டே ரஞ்சினி விஷயத்தைச் சொன்னார். பக்கத்து வீட்டு ஸ்தவ்ரூலா, கிரேக்கப் பெண், புகைக்கு எதிராக நகரசபைக்கு ஒரு மனு கொடுக்கப்போகிறார். தெருத்தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறார்.

"நல்லது" என்றார் கதிர்காமநாதன், எச்சரிக்கையாக.

"நானும் வைச்சிட்டன்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "நீர் என்ன செய்தனீர்?"

"கையெழுத்து வைச்சனான். முதலாவது பேர் என்ரை. அவாவுக்கு இங்கிலீஷ் எழுத வராது. மனுவை எழுதினதும் நான்தான்."

அவர் எழுந்து போய் ஒரு கொப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். கட்டம் கட்டிய கணக்குக் கொப்பி. ஒன்பது மாதத்துக்கான திகதிகள். ஒவ்வொரு திகதிக்கும் எதிரே காற்றின் திசை, கொடியில் போட்ட உடுப்பு, மணத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி. ஆசிரியையின் நேரான எழுத்து. ஜூன் பதினான்காம் திகதிக்குப் பத்துக்குப் பத்து. அன்று தொங்கியது கூறைச் சேலை.

கதிர்காமநாதன் அந்தக் கொப்பியை அன்று முழுக்கப் புரட்டினார். மறுநாள் வேலைக்குப் போய்த் தொழிற்சாலையில் வார்னிஷ் காய்ச்சிய நாட்களின் பதிவை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏழு புள்ளிக்கு மேல் போன நாட்கள் எல்லாமே கப்பல் வார்னிஷ் காய்ச்சிய நாட்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. மற்றப் பெயின்ட்கள் மூடிய கலனில் தயாரிக்கப்பட்டன. வாய் திறந்த பழைய கேத்தில்கள் இரண்டே இரண்டுதான். முழுத் தெருவும் தும்முவதற்குக் காரணம் அந்த இரண்டும்.

அவருக்குள் இரண்டு ஆட்கள் சண்டை பிடித்தார்கள். ஒருவர் ரசாயனவியலாளர், இவ்வளவு சுத்தமான தரவை ஆயுளில் பார்த்ததில்லை என்று சந்தோஷப்பட்டார். மற்றவர் இரண்டு வருடத்துக்கு முன் விமானத்தில் வந்து இறங்கியவர். வேலை போய்விடும் என்று பயந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை டான்டினோங்கிலிருந்து நண்பர் விக்னராஜா சாப்பிட வந்தபோது, பயந்தவருக்கு ஆதரவு கிடைத்தது.

"உனக்கென்ன விசரே கதிர்? வந்த இடத்திலை வாயை மூடிக்கொண்டு இருக்க வேணும்" என்றார் விக்னராஜா. "தங்கச்சி, அந்தக் கையெழுத்தைத் திருப்பி எடுக்கேலாதோ?"

"கையெழுத்தை எடுக்கலாம் அண்ணை. மணத்தை எடுக்கேலாது" என்றார் ரஞ்சினி. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?"

விக்னராஜா அதற்குப் பிறகு சாப்பாட்டில் மட்டும் கவனம் செலுத்தினார்.

தகரப் பெட்டியின் அடியில், அந்த வாரம்தான், கதிர்காமநாதனுக்கு டூகல்ட் ரென்னியின் கடிதம் அகப்பட்டது. ரென்னி 1888இல் ஃபுட்ஸ்கிரேயில் வார்னிஷ் மேற்பார்வையாளராக இருந்தவர். கேத்திலுக்கு மேல் ஒரு செம்புக் குடையைக் கவிழ்த்து, புகையைக் குழாய் வழியே கொண்டுபோய்க் கொதிகலனின் நெருப்புக்குக் கீழே விட்டால், நெருப்பே புகையைத் தின்றுவிடும் என்று முதலாளிக்கு எழுதியிருந்தார். பென்சிலால் படமும் போட்டிருந்தார். கடிதத்தின் ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஒரே ஒரு வரி: "இடம் மாறுவது இதைவிடச் சுலபம்." கீழே இருந்த முதலெழுத்துகள் அலன் பெட்டிஃபரின் தாத்தாவுடையவை.

கதிர்காமநாதன் அந்தப் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. ஒரு குறை மட்டும்: குழாய் வழியே நெருப்பு திரும்பி வந்தால் கொட்டகை பறந்துவிடும். நடுவில் தண்ணீர் தெளிக்கிற பெட்டி ஒன்று வைத்தால் அந்தப் பயமும் இல்லை.

இதைப் பெட்டிஃபரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், பெட்டிஃபரே அவரைக் கூப்பிட்டார். மேசையில் மனுவின் பிரதி கிடந்தது.

"நேதன், இந்த முதல் பெயர்" என்று விரலை வைத்தார். "இது கிட்டத்தட்ட ஒரு வரி நீளம் இருக்கிறது. உங்கள் பெயரைத் தவிர இவ்வளவு நீளமான பெயரை நான் பார்த்ததில்லை. உறவா?"

"என் மனைவி."

பெட்டிஃபர் மனுவைத் திருப்பி வைத்தார். "வீட்டில் நீங்கள் அவரிடம் எதுவும் சொல்வதில்லையா?"

"சொல்வேன். அவரும் சொல்வார். அவர் சொல்வது கொஞ்சம் கூடுதல்."

பெட்டிஃபருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை நகர மண்டபத்தில் விசாரணை, நிறுவனத்தின் ரசாயனவியலாளராக நீங்கள் என்னோடு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். கதிர்காமநாதன் ரென்னியின் கடிதத்தை நீட்டினார். "பிறகு பார்க்கிறேன்" என்று சொல்லிப் பெட்டிஃபர் அதை வாங்கி இழுப்பறைக்குள் வைத்தார். நல்லகாலம், கதிர்காமநாதன் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார்.

புதன்கிழமை பிற்பகல் கணவனும் மனைவியும் ஒன்றாகவே வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். அவருடைய கழுத்துப்பட்டியை ரஞ்சினிதான் சரிசெய்துவிட்டார். மண்டப வாசலில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, எதிரெதிர் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். ரஞ்சினியின் பக்கத்தில் ஸ்தவ்ரூலாவும் இன்னும் முப்பது பெண்களும். கதிர்காமநாதனின் பக்கத்தில் பெட்டிஃபரும் ஒரு வழக்கறிஞரும். எழுதுவினைஞர் மனுவை எடுத்து முதல் பெயரை வாசிக்கத் தொடங்கினார். "திருமதி ரஞ்சினி கத்... கதிர்..." நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி முயன்றார். மண்டபம் முழுக்க அவருக்காகக் காத்திருந்தது.

"கதிர்காமநாதன்" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்து அடங்கக் கொஞ்ச நேரமானது.

வழக்கறிஞர் எழுந்து, வீடுகள் வருவதற்கு முன்பே தொழிற்சாலை வந்துவிட்டது என்றார். ரஞ்சினி எழுந்து கொப்பியைத் திறந்து, திகதியும் காற்றும் புள்ளியுமாக வாசித்தார். வகுப்பறைக் குரல். கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது. ஸ்தவ்ரூலா தன் பங்குக்கு ஒரு தலையணை உறையைப் பையிலிருந்து எடுத்துத் தலைவரிடம் கொடுத்தார். அவர் மணந்து பார்த்துவிட்டு அவசரமாகப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

பிறகு தலைவர் கம்பனிப் பக்கம் திரும்பினார். "உங்கள் ரசாயனவியலாளரிடம் ஒரு கேள்வி. இந்தப் புகையை நிறுத்த முடியுமா, முடியாதா?"

கதிர்காமநாதன் எழுந்தார். பெட்டிஃபர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ரஞ்சினி அவரைப் பார்க்கவில்லை. கொப்பியை மூடிக் கைகளை அதன்மேல் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். கணவனைக் கண்ணால் கட்டாயப்படுத்தக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்பது அவருக்குப் புரிந்தது. அது புரிந்ததும் ரென்னியின் கடிதப் பிரதியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"முடியும்" என்றார். "1888இலேயே முடிந்திருக்கும்."

கேட்டுவிட்டார்கள், இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும். பேக்கரிக்காரரையும் பாதிரியாரையும் திரும்ப மறுத்த குதிரைகளையும் பற்றிச் சொன்னார். மண்டபம் சிரித்தது. ரென்னியின் படத்தை விளக்கினார். மண்டபம் சிரிப்பதை விட்டுவிட்டுக் கேட்டது. புகை வருவது இரண்டே கேத்தில்களிலிருந்துதான், திருமதி கதிர்காமநாதனின் பதிவும் எங்கள் பதிவும் ஒரு நாள்கூட முரண்படவில்லை என்று சொல்லி முடித்து உட்கார்ந்தார். ஓரத்தில் எழுதியிருந்த அந்த ஒற்றை வரியை மட்டும் அவர் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் பெட்டிஃபர். மெதுவாக எழுந்தார். "என் தாத்தா அந்தக் கடிதத்தில், இடம் மாறுவது சுலபம் என்று எழுதினார். நேற்றுத்தான் வாசித்தேன்" என்றார். "இப்போது மாறுவதற்கு மெல்பேர்னில் இடமில்லை. கடல்தான் இருக்கிறது. எங்களுக்கு ஆறு மாதம் கொடுங்கள்."

ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒன்பது மாதம் பிடித்தது. முதல் சோதனையில் குழாய் இழுத்த இழுவையில் கொதிகலன் நெருப்பே அணைந்துபோனது. தொழிற்சாலை முழுக்க அன்றைக்குத் தேநீருக்குச் சுடுதண்ணீர் இல்லை. தொழிலாளர்களின் மொத்தக் கோபமும் நேதன் மேல். இரண்டாவது சோதனையில் தண்ணீர்ப் பெட்டி நிரம்பி வழிந்து, பிசின் கலந்த சேற்றில் பெட்டிஃபரின் ஒரு சப்பாத்து ஒட்டிக்கொண்டது. அவர் ஒற்றைக் காலுறையோடு அலுவலகத்துக்கு நடந்துபோனதை அந்தத் தொழிற்சாலை நெடுங்காலம் பேசிக்கொண்டது. மூன்றாவது சோதனை 1974 ஏப்ரலில், மேல்காற்று அடித்த ஒரு வெள்ளிக்கிழமை. கதிர்காமநாதன் பதினொரு மணிக்கு இரண்டு கேத்திலையும் ஏற்றச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பின்வளவில் ரஞ்சினியும் ஸ்தவ்ரூலாவும் தெருப் பெண்கள் சிலரும் கொடியைச் சுற்றி நின்றார்கள். கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். ஒரு மணிநேரம் எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு ஸ்தவ்ரூலா ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மூக்கில் வைத்தார். இன்னொரு பெண் வைத்தார். கடைசியில் ரஞ்சினி.

"என்ன?" என்றார் கதிர்காமநாதன்.

"பொறுங்கோ." இன்னொரு தடவை மணந்தார். "சவுக்காரம். சவுக்காரம் மட்டும்தான் மணக்குது."

கொப்பியில் அன்றைய திகதிக்கு எதிரே அவர் பூச்சியம் போட்டார். கதிர்காமநாதனுக்கு வந்த சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்தவ்ரூலா நீட்டிய தட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நாலு இனிப்பு பிஸ்கட் சாப்பிட்டார்.

புத்தகம் அந்த டிசம்பரில் வந்தது. பெட்டிஃபர் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. "பேக்கரிக்காரர் அத்தியாயத்தை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா?" என்று கேட்டதுதான் அவர் சொன்ன ஒரே திருத்தம். ரென்னியின் படம் ஒரு முழுப் பக்கத்தில் வந்தது. ஆண்டு விழாவில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். விக்னராஜாவும் ஒன்று வாங்கிக்கொண்டுபோய், தான்தான் முதலிலிருந்தே கதிர்காமநாதனை உற்சாகப்படுத்தியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதிர்காமநாதன் அதை மறுக்கவில்லை.

ரஞ்சினிக்கு அடுத்த வருடம் ஆசிரியர் பதிவு கிடைத்தது. விசாரணையில் இருந்த நகரசபை உறுப்பினர் ஒருவரே அவருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொடுத்தார். இத்தனை ஒழுங்காகப் பதிவு வைக்கிற ஆளைத் தான் பார்த்ததில்லை என்பது அதில் ஒரு வரி. அந்தப் பகுதியிலேயே ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கப் போனார்.

வார்னிஷ் மணம் போனதில் ஒரு சிக்கல் வந்தது. இத்தனை காலமும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த மற்ற மணங்கள் எல்லாம் வெளியே வந்தன. 1976 கோடையில் ஒரு நாள் மாலை ஸ்தவ்ரூலா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். ஆற்றுப் பக்கம் கொழுப்பு உருக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தெற்குக் காற்று அதன் நாற்றத்தைக் கொண்டுவந்து கொண்டிருந்தது.

கதிர்காமநாதன் தொழிற்சாலைக் கூரையிலிருந்து கொண்டுவந்த தகடுகளைப் பின்படியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கடை இல்லை" என்றார் அவசரமாக.

"தெரியும்" என்றார் ரஞ்சினி. மாணவர்களின் விடைத்தாள்களை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் புதிய கொப்பி ஒன்றை எடுத்துவந்து, அடிமட்டத்தை வைத்துக் கட்டம் கீறத் தொடங்கினார். கதிர்காமநாதன் எழுந்து போய் எல்லாருக்கும் தேநீர் போட்டார்.